ஒலியளவைக் காலிடம் ஒப்படைத்த வரலாறு: மட்டாஞ்சேரி ஆர்மோனியம் முதல் வால்யூம் பெடல் வரை

கீபோர்டுக்கோ எலக்ட்ரிக் கிடாருக்கோ ஒலியளவைக் காலால் கட்டுப்படுத்தும் கருவி வாங்கச் செல்பவர் முன் இரண்டு பொருள்கள் வைக்கப்படும். ஒன்று வால்யூம் பெடல். மற்றொன்று எக்ஸ்பிரஷன் பெடல். தோற்றத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் இவ்விரு பெயர்களும் ஒரே பொருளைக் குறிப்பன அல்ல. ஒலியளவை எங்கே மாற்றுவது என்னும் வினாவுக்கு முந்நூறாண்டு இசைக்கருவி வரலாறு அளித்த இருவேறு விடைகளின் எச்சங்கள் அவை. கொச்சியின் மட்டாஞ்சேரி இசைச் சூழலை முன்வைத்து அவ்வரலாற்றைச் சுருக்கமாகத் தொகுக்க முயல்கிறேன்.

முதல் விடை கதவு. 1712இல் லண்டன் புனித மேக்னஸ் தேவாலயத்து ஆர்கனில் ஆபிரகாம் ஜோர்டான் என்பவர் குழல்களில் ஒரு பகுதியைப் பெட்டிக்குள் அடைத்து, அதன் திறப்பை மிதியால் இயக்கும் அமைப்பைப் புகுத்தினார். குழல் ஒரே அளவில்தான் ஒலிக்கும்; வெளியே எவ்வளவு கேட்க வேண்டும் என்பதைக் கதவு தீர்மானிக்கும். இரண்டாம் விடை மூச்சு. 1842இல் பாரிஸில் அலெக்ஸாண்டர் தெபேன் காப்புரிமை பெற்ற ஆர்மோனியத்தில் 'எக்ஸ்பிரஷன்' என்றொரு விசை இருந்தது. அதை இழுத்தால் காற்றைச் சேமித்துச் சமன்படுத்தும் அறை விலக்கப்படும். வாசிப்பவரின் கால் துருத்தியை அழுத்தும் விசை நேராக உலோக நாக்கைச் சென்றடையும். இங்கு ஒலி பிறக்கும் இடத்திலேயே மாறுகிறது. 'எக்ஸ்பிரஷன்' என்னும் சொல் ஒலியளவோடு பிணைந்த இடங்களுள் இது முதன்மையானது.

கால் துருத்தி கொண்ட இக்கருவி இந்தியாவுக்கு வந்தபோது தமிழ் இசை நாடக மேடை அதனை உடனே தன்வயப்படுத்திக்கொண்டது. எஸ். ஜி. கிட்டப்பாவின் பாட்டுக்கு அவர் தமையன் காசி ஐயரின் ஆர்மோனியம் இன்றியமையாத துணையாக விளங்கியது. தமிழ்க் குழுக்கள் கேரளத்தில் ஊர் ஊராக நாடகம் நடத்தின. அவற்றின் செல்வாக்கில் மலையாள இசை நாடகமும் வளர்ந்தது. கே. ஜே. யேசுதாஸின் தந்தையாகிய ஃபோர்ட் கொச்சி அகஸ்டின் ஜோசப் அம்மேடையின் புகழ்பெற்ற பாடக நடிகர். மலையாளத்தில் இக்கருவி 'சவிட்டு ஹார்மோனியம்' எனப்பட்டது. 'சவிட்டு' என்பது தமிழின் 'சவட்டு' என்பதன் இனச்சொல்; குமரி வட்டார வழக்கில் மிதித்தல், உதைத்தல் என்னும் பொருளில் அது இன்றும் உயிரோடிருக்கிறது. கொச்சிக் கடற்கரைக் கிறித்தவர்களின் 'சவிட்டு நாடகம்' என்னும் கலையின் பெயரிலும் இச்சொல்லே உள்ளது. அதன் தொடக்ககாலப் பனுவல்களில் ஒன்றைச் சின்னத்தம்பி அண்ணாவி என்னும் தமிழர் இயற்றியதாக மரபு கூறும். நடிகர் மரப்பலகை மேடையை ஓங்கி மிதிக்கும் ஓசையே அக்கலையின் உயிர். காலின் விசை ஒலியின் அளவாவது இக்கரைக்கு மேலைக் கருவி வந்து கற்பித்த செய்தியன்று.

இந்திய ஆர்மோனியத்தின் அடுத்த திருப்பம் கல்கத்தாவில் நிகழ்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துவாரகாநாத் கோஷ் நிறுவிய துவார்கின் நிறுவனம், கால் துருத்தியை நீக்கிப் பின்புறத்தில் கைத்துருத்தி பொருத்திய பெட்டியைப் பரப்பியது. இம்மாற்றம் தரையில் சம்மணமிட்டு அமரும் நம் அரங்குக்குப் பொருந்தியது. மட்டாஞ்சேரியின் மெஹ்ஃபில் மரபு இப்பெட்டியைச் சுற்றியே உருவானது. தக்கணி பேசும் குடும்பத்தில் பிறந்து, 'நீலக்குயில்' (1954) உள்ளிட்ட படங்களில் பாடிய மெஹபூப், பின்னாளில் மலையாள கஜலுக்கு முகவரி தந்த உம்பாயி ஆகியோர் இவ்வூரின் பிள்ளைகள். கஜலில் பாடகர் ஒரு சொல்லை மெல்ல இறக்கும்போது, துணைக்கருவியும் அச்சொல்லுக்கு அடியில் இறங்க வேண்டும். ஆர்மோனியக்காரரின் வலக்கை சுரத்தைப் பின்தொடர, அந்த இறக்கத்தை நிகழ்த்துவது துருத்தியைப் பிடித்த இடக்கை.

1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கியது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரே அத்தடை தளரத் தொடங்கியது. அவ்விவாதத்தின் மையம் சுருதி. கட்டைகள் கமகத்துக்கு இடந்தரா என்பதே முதன்மைக் குற்றச்சாட்டு. குற்றச்சாட்டு மெய்யே. ஆயின் ஒலிக்கும் சுரத்தை ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெருக்கவும் சுருக்கவும் வல்ல கருவி அது என்னும் உண்மை அவ்விவாதத்தில் உரிய எடை பெறவில்லை. ஆர்மோனியத்தின் இடத்தில் கீபோர்டு வந்தபோது நாம் இழந்தது எது என்பதை இந்த இடத்திலிருந்துதான் புரிந்துகொள்ள முடியும். கீபோர்டில் விரலின் அழுத்தம் பெரும்பாலும் சுரத்தின் பிறப்பை மட்டுமே தீர்மானிக்கிறது; பிறந்தபின் நீளும் ஒலியின்மீது விரலுக்கு ஆட்சி இல்லை. இடக்கை விடுதலை பெற்றது. மூச்சு வேலையற்றுப் போனது. அதனை மீண்டும் ஏற்கும் உறுப்பு கால். அதற்கு வாசிப்பவர் தரையிலிருந்து எழுந்து நாற்காலியில் அமர வேண்டும்.

இவ்வரலாறு தெரிந்தால் தெரிவு எளிதாகும். வால்யூம் பெடல் என்பது கதவு: கருவியிலிருந்து வெளிவந்த மின்குறிகை அதன் வழியாகவே செல்கிறது, கால் அதனைக் குறைக்கிறது. எக்ஸ்பிரஷன் பெடல் வழியே ஒலி செல்வதில்லை. காலின் நிலை மட்டும் செய்தியாகக் கருவிக்குள் போகிறது. 1983இல் அறிமுகமான மிடி முறையில் பொது ஒலியளவுக்கு 7 என்றும் எக்ஸ்பிரஷனுக்கு 11 என்றும் தனித்தனி எண்கள் உள்ளன. பாரிஸ் ஆர்மோனியத்து விசையின் பெயர் எண்ணாகிய வரலாறு இது.

ஆகவே கீபோர்டில் எக்ஸ்பிரஷன் துளை இருப்பின் அதுவே முதல் தெரிவு. இடம், வலம் ஆகிய இரு வெளியீடுகளும் ஒருங்கே ஏறி இறங்கும். ஆனால் மும்முனைச் செருகியின் இணைப்பு முறை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடுவதால், கருவிக்குப் பொருந்துமா என்று சோதித்தே வாங்க வேண்டும். அத்துளை இல்லையெனில், இரு தடங்கள் கொண்ட, 25 கிலோ ஓம் அளவிலான வால்யூம் பெடல் ஏற்றது. மின்கலம் இல்லாத சாதாரண கிடாருக்கோ 250 கிலோ ஓம் பெடல் தேவை. அதனைக் குறைந்த மின்தடை கொண்ட பெடலில் நேராக இணைத்தால் ஒலியின் கூர்மை மங்கும். கிடார் கலைஞருக்கு இன்னொரு தெரிவும் உண்டு. டிஸ்டார்ஷனுக்கு முன் பெடலை வைத்தால் ஒலியின் தன்மையே மாறும். அது மூச்சுக்கு நெருங்கியது. பின் வைத்தால் அளவு மட்டும் குறையும்; அது கதவு.

நம் இசை வரலாறுகள் சுருதியையும் இராகத்தையும் நுணுகி எழுதுகின்றன. எந்த உறுப்பு ஒலியளவை ஆண்டது என்பதை அரிதாகவே பதிவு செய்கின்றன. மெஹ்ஃபில்களையும் நாடக மேடைகளையும் ஆவணப்படுத்தும் மாணவர்கள் ஒளிப்படக் கருவியை விரல்களின்மீது மட்டும் நிறுத்தாமல், துருத்தி பிடித்த கையையும் மிதிக்கும் காலையும் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும். ஒலிப்பதிவைக் கேட்டுச் சுரத்தை மீட்டெடுக்கலாம். அதனை ஏற்றி இறக்கிய உடலை அவ்வாறு மீட்டெடுக்க இயலாது.