தீவகத்து ஊர்ப்பெயர்கள்

ஓர் ஊர்ப்பெயரின் பொருளை அறிய முயல்வார்க்கு இரு வழிகள் உண்டு. இன்று வழங்கும் சொல்லைப் பிரித்துப் பொருள் கூறுதல் ஒன்று. பழைய சாசனங்களில் அப்பெயர் எவ்வாறு பொறிக்கப்பட்டுள்ளது எனக் காணுதல் மற்றொன்று. முன்னது எளிது, பின்னதே உறுதியானது. யாழ்ப்பாணத்துக்கு மேற்கே கடலிற் பரந்து கிடக்கும் தீவகத்து ஊர்ப்பெயர்கள் இவ்வுண்மையை நன்கு விளக்குவன.

ஊர்காவற்றுறை என்ற பெயரைக் கேட்டவுடன் ‘ஊரைக் காக்கும் துறை’ என்பது நினைவுக்கு வரும். எதிரே நீர் நடுவில் நிற்கும் கடற்கோட்டையும் அப்பொருளுக்குச் சான்று போலத் தோன்றும். ஆனால், அக்கோட்டை போர்த்துக்கேயர் காலத்தில் எழுந்து ஒல்லாந்தராற் புதுக்கப்பட்டது. துறையோ அதனினும் பல நூற்றாண்டு பழையது. நயினாதீவிலுள்ள முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் (கி.பி. 1153–1186) சாசனம் இதனை ‘ஊராத்துறை’ என்றே குறிக்கின்றது. சிங்களத்தில் வழங்கும் ‘ஊராதொட்ட’ என்பதும் இதற்கு இணையானதே. ‘தொட்ட’ என்பதும் துறையையே குறிக்கும். ‘ஊரா’ என்பதன் பொருள் விளங்காது போகவே, விளங்கும் சொல்லாகிய ‘ஊர்காவல்’ அவ்விடத்தில் அமர்ந்தது எனக் கொள்வதே பொருந்தும்.

அச்சாசனம் கூறும் செய்தி பெயரினும் சிறந்தது. பிறநாட்டு வணிகர் ஊராத்துறைக்கே வருதல் வேண்டும். அவர்க்குப் பாதுகாப்பு அளிக்கப்படும். யானையும் குதிரையும் கொணரும் மரக்கலம் உடையுமாயின், நான்கில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு. மூன்று பங்கு உடையவர்க்கு. பிற சரக்கு ஏற்றிய கலமாயின் இருபாதி. சிங்கள மன்னன் இவ்வாணையைத் தமிழிலே பொறிப்பித்தான் எனின், அத்துறையில் வழங்கிய மொழி யாதென நேயர்கள் எளிதில் உணர்வர்.

‘துறை’ தமிழுக்கு மட்டும் உரிய சொல்லன்று. மலையாளத்தில் அது ‘துற’ என நிற்கின்றது. கன்னடத்தில் ‘தொறெ’ என ஆற்றைக் குறிக்கின்றது. ‘ஊர்’ என்பதும் தெலுங்கிலும் கன்னடத்திலும் ‘ஊரு’ என வழங்குகின்றது.

நயினாதீவின் பெயரை, இறைவன் எனவும் தலைவன் எனவும் பொருள்படும் ‘நயினார்’ என்ற சொல்லோடு இயைத்துக் கூறுவர். அதனை மணிமேகலை கூறும் மணிபல்லவம் என்பாரும், மகாவமிசத்து நாகதீபம் என்பாரும் உளர். எனினும், 1936ஆம் ஆண்டில் வெளிப்பட்ட வல்லிபுரம் பொன்னேட்டில் ‘நாகதீவ’ என்ற பெயர் வருதலால், அது பண்டு யாழ்ப்பாணக் குடாநாட்டையும் குறித்தது எனத் தெளியலாம்.

பின்னர் அந்நியர் வந்தனர். நெடுந்தீவைப் போர்த்துக்கேயர் ‘பசுத்தீவு’ என்றனர். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், தம் நாட்டு நகரங்களின் பெயர்களைத் தீவுகளுக்குச் சூட்டினர். நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆயிற்று. வேலணைத்தீவு லெய்டன் ஆயிற்று. காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று. ஊர்காவற்றுறையின் ஆங்கிலப் பெயராகிய கயிட்ஸ் என்பதோ ‘துறைமேடை’ எனப் பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லின் திரிபென்பர்.

ஆம்ஸ்டர்டாமும் லெய்டனும் பழைய வரைபடங்களோடு ஒதுங்கின. டெல்ஃப்டும் கயிட்ஸும் ஆங்கில ஏடுகளில் நிலைத்தன. ஆயினும், படகேறும் தீவக மக்களுக்கு அவை என்றும் நெடுந்தீவும் ஊர்காவற்றுறையுமே. ஆள்வோர் இட்ட பெயர் ஏட்டில் நிற்கும். வாழ்வோர் வழங்கிய பெயர் நாவில் நிற்கும். அந்நாவிலும் பெயர் திரியும் என்பதற்கு ஊராத்துறையே சான்று. ஆதலின், ஊர்தோறும் கிடக்கும் கல்லெழுத்துகளைப் பேணுதல் நம் கடனாகும்.