மென்பொருள் வெளியீட்டுத் தானியக்கம்

மென்பொருள் வெளியீட்டுத் தானியக்கம் என்பது, மூலநிரலிலிருந்து பயனர் நிறுவிக்கொள்ளத்தக்க ஒரு பதிப்பை உருவாக்கி வெளியிடும் பணிகளை, மனிதர் ஒவ்வொன்றாகச் செய்யாமல், முன்னரே எழுதிவைக்கப்பட்ட கட்டளைத் தொடரின்படி கணினியே செய்துமுடிக்கும் முறை ஆகும். திறந்த மூல நிரலகங்களில் இம்முறை பெரிதும் பயன்படுகிறது. நிரலகம் என்பது பிற நிரல்கள் அழைத்துப் பயன்படுத்தும் நிரல்களின் தொகுப்பு ஆகும். ஆகையால் ஒரு நிரலகத்தின் பழுதான வெளியீடு, அதன் பெயரைக்கூட அறியாத பயனரின் கணினியையும் சென்றடையக்கூடும்.

வெளியீட்டின் படிகள்

திறந்த மூல நிரலகத்தின் மூலநிரல், கிட் போன்ற பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளின் துணையுடன் பொதுக் களஞ்சியம் ஒன்றில் எவரும் படிக்கும்படி வைக்கப்படுகிறது. எனினும் பெரும்பாலானோர் அதனை நேரடியாக எடுத்துக்கொள்வதில்லை. பைத்தான் மொழிக்குப் பைபிஐ, ஜாவாஸ்கிரிப்டுக்கு என்பிஎம், பெர்ள் மொழிக்கு 1995 முதல் இயங்கிவரும் சிபான் ஆகியவற்றில் ஏற்றப்பட்ட பொதிகளையே நிறுவுகின்றனர். படிக்கப்படுவது ஒன்று, நிறுவப்படுவது மற்றொன்று. இவ்விரண்டும் ஒத்திருக்கும் என்பது நம்பிக்கை மட்டுமே.

சோதனைகளை இயக்குதல், பதிப்பெண்ணை மாற்றுதல், மாற்றப் பட்டியலை எழுதுதல், களஞ்சியத்தில் அப்பதிப்புக்கு அடையாளமிடுதல், பொதியைக் கட்டுதல், கையொப்பமிடுதல், பதிவேற்றுதல் என்பன வழக்கமான படிகள். இவற்றைக் கையால் செய்யும்போது நேரும் பிழைகள் பெரும்பாலும் சிறியவை: களஞ்சியத்தில் சேர்க்கப்படாத ஒரு கோப்பு பராமரிப்பாளரின் கணினியிலிருந்து பொதிக்குள் புகுந்துவிடும், அல்லது தேவையான கோப்பு விடுபட்டுவிடும். ஆனால் திருத்துவது எளிதன்று. பைபிஐயில் ஒருமுறை ஏற்றிய கோப்பை அழித்தாலும் அதே பெயரில் மீண்டும் ஏற்ற இயலாது. புதிய பதிப்பெண்ணே தேவைப்படும். மேலும் பல நிரலகங்கள் ஓரிருவரின் ஓய்வுநேர உழைப்பில் நடப்பவை. கடவுச்சொல்லை அறிந்த ஒரே நபர் நோயுற்றால், பாதுகாப்புத் திருத்தம் ஆயத்தமாக இருந்தும் வெளியீடு காத்திருக்க வேண்டியதுதான்.

வளர்ச்சி

குனூ திட்டத்தின் ஆட்டோமேக் கருவி, மூலநிரல் கட்டை உருவாக்குவதையும் சரிபார்ப்பதையும் ஓரிரு கட்டளைகளுக்குள் அடக்கியது. ஆயினும் அக்கட்டளைகள் பராமரிப்பாளரின் சொந்தக் கணினியிலேயே இயங்கின. 2011 இல் தொடங்கிய டிராவிஸ் சிஐ, பின்னர் 2018 இல் அறிவிக்கப்பட்ட கிட்ஹப் ஆக்சன்ஸ் போன்ற சேவைகள் வந்தபின், களஞ்சியத்தில் அடையாளமிட்டவுடன் தொலைவிலுள்ள வழங்கியே பொதியைக் கட்டி ஏற்றும் வழக்கம் பரவியது.

சில கருவிகள் பதிப்பெண்ணையும் தாமே முடிவுசெய்கின்றன. மூன்று எண்களாலான பதிப்பெண் முறையில், வழுத்திருத்தம் மூன்றாம் எண்ணையும், புதிய வசதி இரண்டாம் எண்ணையும், பழைய பயன்பாட்டை முறிக்கும் மாற்றம் முதல் எண்ணையும் உயர்த்தும். செமான்டிக் ரிலீஸ் என்னும் கருவி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் நிரலர் எழுதிய குறிப்பைப் படித்து எண்ணைக் கணிக்கிறது. அது படிப்பது குறிப்பை மட்டுமே. மாற்றம் உண்மையில் எதையேனும் முறிக்கிறதா என்பதை அது அறியாது.

எக்ஸ்இசட் நிகழ்வு

களஞ்சியத்துக்கும் வெளியீட்டுக்கும் இடையிலான இடைவெளி எவ்வளவு ஆபத்தானது என்பதை 2024 இல் எக்ஸ்இசட் நிகழ்வு காட்டியது. எக்ஸ்இசட் என்பது தரவைச் சுருக்கும் மென்பொருள். அதன் நிரலகம் பெரும்பாலான லினக்ஸ் வழங்கல்களில் உள்ளது. ஜியா டான் என்ற பெயரில் 2021 முதல் பங்களித்துவந்த ஒருவர், நற்பெயர் ஈட்டி, இணைப் பராமரிப்பாளராகி, வெளியீடுகளைத் தாமே செய்யும் நிலையை அடைந்தார். அப்பெயருக்குப் பின்னால் இருந்தவர் யார் என்பது பொதுவெளியில் நிறுவப்படவில்லை.

2024 பெப்ரவரி, மார்ச்சு மாதங்களில் வந்த 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் பின்கதவு ஒன்று இருந்தது. அதன் தீநிரல், சோதனைக்கான சுருக்கிய கோப்புகள் போல மாறுவேடமிட்டுக் களஞ்சியத்திலேயே கிடந்தது. ஆனால் அதை உயிர்ப்பிக்கும் சிறு கட்டளைக் கோப்பு களஞ்சியத்தில் இல்லை. வெளியிடப்பட்ட மூலநிரல் கட்டில் மட்டுமே இருந்தது. குனூ கருவிகள் தாமே உருவாக்கும் கோப்புகள் கட்டில் கூடுதலாக இருப்பது அன்றாட வழக்கம் என்பதால், எவரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. களஞ்சியத்தை எழுத்தெண்ணிப் படித்திருந்தாலும் அக்கோப்பு கண்ணில் பட்டிராது.

போஸ்ட்கிரெசுக்யூஎல் தரவுத்தள நிரலரும் மைக்ரோசாப்ட் ஊழியருமான ஆண்ட்ரெஸ் பிராயிண்ட், டெபியனின் சோதனைநிலைக் கணினி ஒன்றில் எஸ்எஸ்எச் வழி நுழைவதற்கு ஏறத்தாழ அரை நொடி கூடுதலாவதைக் கவனித்தார். காரணத்தைத் தேடிச்சென்ற அவர், 2024 மார்ச்சு 29 அன்று பின்கதவை வெளிப்படுத்தினார். அதற்குள் டெபியன், பெடோரா போன்றவற்றின் சோதனைநிலைப் பதிப்புகளில் இது புகுந்திருந்தது. நிலையான பதிப்புகளை எட்டவில்லை.

மூலநிரல் கட்டைப் பொதுவில் இயங்கும் வழங்கி, களஞ்சியத்திலிருந்து மட்டுமே உருவாக்கியிருந்தால் இவ்வழி அடைபட்டிருக்கும். எனினும் இணைப் பராமரிப்பாளருக்குக் களஞ்சியத்தில் எழுதும் உரிமையும் இருந்தது. தானியக்கம் அவரைத் தடுத்திருக்காது, வெளிச்சத்தில் செயல்படக் கட்டாயப்படுத்தியிருக்கும். இதனுடன் தொடர்புடையது மீளுருவாக்கத்தக்க கட்டுமானம் என்னும் முயற்சி. ஒரே மூலநிரலை எவர் கட்டினாலும் இறுதிக் கோப்பு ஒரு பிட்டும் மாறாமல் வர வேண்டும் என்பது அதன் நோக்கம். டெபியனில் 2013 முதல் இப்பணி நடைபெறுகிறது. கோப்புக்குள் பதியும் நாளும் நேரமும்கூட இதற்குத் தடையாக இருந்தன.

சாவிகள்

தானியங்கி பொதியை ஏற்ற, பொதிக் களஞ்சியத்தின் சாவி அதற்குத் தேவை. நீண்டகாலம் செல்லும் சாவியை வழங்கியில் வைத்திருப்பது திருட்டுக்கு வழிவகுக்கும். இதற்குத் தீர்வாகப் பைபிஐ 2023 ஏப்பிரலில் நம்பகப் பதிப்பீடு என்னும் முறையை அறிமுகப்படுத்தியது. இதில் கட்டும் சேவை தன் அடையாளத்தை மெய்ப்பித்து, 15 நிமிடங்களே செல்லுபடியாகும் சாவியைப் பெறுகிறது. என்பிஎம் 2025 இல் இத்தகைய முறையை ஏற்றது.

தானியக்கத்தின் மீதான தாக்குதல்

நம்பிக்கை மனிதரிடமிருந்து கட்டளைத் தொடருக்கு மாறும்போது தாக்குபவரும் அதனையே குறிவைக்கிறார். 2024 திசம்பரில், படங்களில் உள்ள பொருட்களைக் கண்டறியும் அல்ட்ராலிட்டிக்ஸ் என்னும் பைத்தான் நிரலகம் இவ்வாறு தாக்கப்பட்டது. மாற்றத்தை முன்மொழிந்த ஒருவர், தம் கிளையின் பெயருக்குள்ளேயே கணினிக் கட்டளையை எழுதியிருந்தார். தானியங்கி அப்பெயரை வெறும் எழுத்தாகக் கொள்ளாமல் கட்டளையாக இயக்கிவிட்டது. அதன் வழியே கட்டுமானத்தின் தற்காலிகச் சேமிப்பு மாசுபட, மறைநாணயம் அகழும் நிரலுடன் 8.3.41 பதிப்பு முறையான வழியிலேயே வெளியாயிற்று. சில நாட்களில் 8.3.45, 8.3.46 ஆகிய பழுதான பதிப்புகளும் வந்தன. இவை தானியங்கி வழியே வந்தவையல்ல; நம்பகப் பதிப்பீட்டுக்கு மாறியபின்னும் நீக்கப்படாதிருந்த பழைய சாவியைக் கொண்டு ஏற்றப்பட்டவை.

சில திட்டங்கள் கட்டுதல் வரை அனைத்தையும் தானியங்கியிடம் விட்டு, பதிவேற்றுவதற்குச் சற்று முன்னர் மற்றொரு பராமரிப்பாளரின் ஒப்புதலைக் கட்டாயமாக்கியுள்ளன.