முத்துத்துறையின் நன்றிக்கடன்

வ.உ.சி. துறைமுகத்தின் அருகே, பாரந்தூக்கிகளும் நிலக்கரிக் குவியல்களும் கண்ணை நிறைக்கின்ற அந்தக் கடற்புறத்தில், முயல் தீவு என்று வழங்கும் மணற்றிட்டு ஒன்று உண்டு. பெயரளவில் மட்டும் தீவாக எஞ்சிக் கரையோடு பிணைக்கப்பட்டுவிட்ட அத்திட்டிலே, 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மதுரை நாயக்கரின் படைகளால் ஊர் சூறையாடப்பட்டபோது, தூத்துக்குடிப் பரதவக் குடும்பங்கள் தங்கள் தோணிகளோடும் சேசு சபைக் குருமாரோடும் சென்று குடியேறி, கோயிலும் எடுத்துச் சில வருஷங்கள் வாழ்ந்திருந்தன என்பதை இன்று அங்கே சரக்கேற்றுவோரும் இறக்குவோரும் பெரும்பாலும் அறியார். உயிர் பிழைத்த ஜனங்கள் முதலில் தேடியது நன்றி செலுத்துதற்கு ஓர் இடத்தை. இக்கரையின் வரலாற்றை எந்தப் பக்கத்திலிருந்து புரட்டினாலும் இச்செய்தி திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. நன்றி இங்கே ஒரு கடன். ஊர் கூடி, பலரறிய, வரவு கண்டபோதே செலுத்தித் தீரவேண்டிய கடன்.

முத்துக்குளிப்பு நடந்த முறையைச் சிறிது அறிந்தாலன்றி இக்கடனின் கனம் விளங்காது. பங்குனி சித்திரை மாதங்களில், காற்றும் நீரோட்டமும் தணிந்து கடல் தெளிந்திருக்கும் சில வாரங்களே சலாபம் எனப்படும் முத்துக்குளிப்புக்கு உரிய காலம். நள்ளிரவில் கரைக்காற்றின் துணைகொண்டு தோணிகள் பாய் விரித்துப் புறப்பட்டு, விடியும் வேளையில் ‘பார்’ எனப்படும் முத்துச்சிப்பித் திட்டுகளை அடையும். கயிற்றில் கட்டிய கனத்த கல்லின்மீது கால் ஊன்றி ஒருவன் கடலுள் இறங்க, அவன் மேலே வந்து இளைப்பாறும் நேரத்தில் அதே கல்லோடு மற்றொருவன் இறங்க, இருவர் உயிரும் மேலிருந்து கயிறு பிடிப்போர் கையில் ஊசலாடிக்கொண்டிருக்கும். ஏறத்தாழ ஒரு நிமிஷ காலம் அடக்கிய மூச்சுக்குள் அரித்துச் சேர்த்த சிப்பிகளோடு தோணி பிற்பகற் கடற்காற்றில் கரை திரும்பும். அன்றைய சிப்பி அப்படியே குளித்தவனுக்கு உரியதாகிவிடுமோ என்றால் அதுவும் இல்லை. ஆங்கிலேயர் காலத்திலே மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, எஞ்சிய ஒரு பங்கே குளித்தவனுக்கும் தோணிக்காரர்க்கும். அப்பங்கிலும் முத்து உண்டோ இல்லையோ என்பதைச் சிப்பி அழுகிக் கழுவப்படும்வரையில் யார்தாம் சொல்ல முடியும்?

சுறாவுக்கு அஞ்சிய குளிகாரர், மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்ட ‘கடல்கட்டி’ என்பவன் கரையில் இருந்தாலன்றிக் கடலில் இறங்க மறுத்தார்கள். ஆங்கிலக் கும்பனியின் உத்தியோகஸ்தர்களும் வேறு வழியின்றி அவனுக்குச் சம்பளம் கொடுத்துவந்தார்கள். செபமாலை அணிந்த கழுத்தோடு கடலில் குதித்தவர்களும் அவனை விலக்கவில்லை. இதை மூடநம்பிக்கை என்று ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுவோர் ஒரு நிமிஷம் மூச்சை அடக்கிப் பார்த்துப் பிறகு பேசுவார்களாக. உயிரைப் பணயம் வைத்து ஈட்டிய பொருளில் முதற்பங்கு தனக்கு உரியதன்று என்னும் எண்ணம் இத்தகைய தொழிலிலே தானாக முளைக்கிறது. கடற்கரையூர்கள் பலவற்றில் அன்றாட மீன்பாட்டிலும் ஒரு பங்கு கோயிலுக்கு என ஒதுக்கப்பட்டுவந்த வழக்கத்தின் வேர் இங்கேயே இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

இம்மக்கள் கத்தோலிக்க மறையைத் தழுவிய சரித்திரம் பலராலும் எழுதப்பட்டிருப்பதால் இங்கே விரிக்க வேண்டுவதில்லை. சலாப உரிமை பற்றி எழுந்த கொடிய பகையில் அடைக்கலம் தேடி, 1535-ஆம் வருஷத்தை ஒட்டிப் பரதவரின் தலைவர்களாகிய பட்டங்கட்டிகள் கொச்சியில் இருந்த போர்ச்சுக்கீசியரிடம் தூது சென்றதும், அதைத் தொடர்ந்து சில வருஷங்களுக்குள் ஏறக்குறைய 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றதும் யாவரும் அறிந்தவை. பாதுகாப்பை நாடிப் பெற்ற மதம் எவ்வாறு பக்தியாகக் கனிந்தது என்பதே ஆராயத்தக்கது. 1542-இல் அர்ச். சவேரியார் இக்கரைக்கு வந்தபோது ஜனங்கள் பெயரளவில் கிறிஸ்தவர்களாக இருந்தனரேயன்றி ஒரு செபமும் அறிந்திருக்கவில்லை. அவர், இரு பாஷையும் தெரிந்தவர்களின் உதவியால் விசுவாசப் பிரமாணத்தையும் பத்துக் கற்பனைகளையும் தமிழாக்கி மனனம் செய்துகொண்டு, கையில் மணியை அசைத்தவாறு தெருத்தெருவாகச் சென்று சிறுவர் சிறுமியரைக் கூட்டி ஓதுவித்தார். ஊர் ஊராகச் செல்லும்போது தாம் விட்டுச்சென்ற ஊர்களில் செபம் சொல்லிக்கொடுக்கக் கணக்கப்பிள்ளைமாரை நியமித்தார். அவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வந்தது என்பது சுவையான செய்தி. இக்கரையிலிருந்து போர்த்துக்கல் தேசத்து அரசியின் காலணிச் செலவுக்கென்று 4,000 பணம் வருஷந்தோறும் சென்றுகொண்டிருந்தது. அத்தொகையை இக்கரைப் பிள்ளைகளின் ஞானோபதேசத்துக்கே விட்டுத்தரும்படி சவேரியார் வேண்ட, கத்தரீனா அரசியும் இசைந்தாள். முத்துக் கடலிலிருந்து சென்ற பணம், முத்துக்குளிப்போரின் மக்கள் வாயில் செபமாகத் திரும்பி வந்தது.

சவேரியாருக்குப் பின் அரை நூற்றாண்டுக்கு மேலாக இக்கரையிலேயே உழைத்து, 1600-இல் இங்கேயே உயிர்நீத்த அண்டிறிக்கி அடிகளாரைத் தமிழுலகம் அச்சுக்கலையின் முன்னோடியாகப் போற்றுகிறது. 1578-இல் கொல்லத்தில் அச்சேறிய ‘தம்பிரான் வணக்கம்’ பற்றிப் பேசுவோர் பலர். 1586-இல் அச்சான ‘அடியார் வரலாறு’ பற்றிப் பேசுவோர் சிலரே. அர்ச்சியசிஷ்டர்களின் சரிதங்களைத் திருநாள்களின் வரிசையில் தொகுத்துத் தந்த அப்பெருநூல் இக்கரை மக்களுக்கு அளித்த பயன் சாமானியமானதன்று என்பது என் கருத்து. எந்நாள் எவருடைய நாள், அந்நாளில் கொண்டாடப்படுவது யாது என்பதைத் தாய்மொழியிலேயே அவர்கள் அறியலாயினர். அமாவாசை, பௌர்ணமி, வாடைக்காற்று, சோழகக்காற்று என்று கடலை வைத்துக் காலத்தை எண்ணிய ஒரு சமூகத்துக்கு மற்றொரு பஞ்சாங்கமும் கிடைத்தது. அதற்குப் பிறகு இக்கரையின் வருஷம் திருவிழாக்களால் ஆயிற்று. புரட்டாசிக்கு முன் மணப்பாட்டில் திருச்சிலுவைத் திருநாள், டிசம்பரில் சவேரியார் திருநாள், இவை அனைத்துக்கும் சிகரமாக ஆகஸ்ட் 5-இல் தூத்துக்குடியில் பனிமய மாதா திருநாள்.

ரோமாபுரியின் எஸ்குவிலின் குன்றின்மீது கோடையின் நடுவில் பனி பெய்து கோயில் எழுப்பவேண்டிய இடத்தைக் காட்டிற்று என்னும் புராதன ஐதிகத்தால் அப்பெயர் பெற்ற தேவமாதாவின் சுரூபம், 1555-இல் மணிலாவிலிருந்து கப்பலேறி இத்துறைக்கு வந்தது என்பது வழிவழியாகப் போற்றப்படும் செய்தி. வேம்பார், வைப்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு என்னும் ஏழு கடற்றுறைகளுக்கும் ஏக அடைக்கலத் தாய் என்று அவளை அழைக்கிறார்கள். தஸ்நேவிஸ் மாதா என்னும் போர்ச்சுக்கீசிய நாமமும் முதியோர் நாவில் இன்னும் மறையவில்லை.

1658-இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். சலாபம் அவர்கள் கைக்குப் போயிற்று. குருமார் ஊரைவிட்டு விலக நேர்ந்தது. கோயில்களில் சீர்திருத்த சபையின் ஆராதனை தொடங்கிற்று. ஆனால் ஜனங்கள் அங்கே வரவில்லை. தோணிக்கும் தொழிலுக்கும் வியாபாரத்துக்கும் புதிய எஜமானர்களை அண்டியே வாழவேண்டிய நிலையில் இருந்தும், சுரூபத்தையும் செபமாலையையும் விட்டுவிட அவர்கள் இசையவில்லை. ஊருக்கு வெளியே சென்று பூசை கண்டார்கள். இந்த மௌனமான பிடிவாதத்தின் முன் டச்சுக்காரர் படிப்படியாகத் தளர்ந்தார்கள் என்பதற்கு மாதாவின் கோயிலே சாட்சி. இன்று நாம் காணும் பனிமய மாதா கோயிலுக்கு விஜிலியுஸ் மான்சி சுவாமியார் 1712-இல் அடிக்கல் இட்டதும், 1713 ஆகஸ்ட் 5-இல் அது அபிஷேகம் பெற்றதும் டச்சுக்காரரின் ஆட்சியிலேதான். 1707-இல் இடி விழுந்தபோது சுரூபமும் சூழ நின்றோரும் பெரிய அபாயத்திலிருந்து காக்கப்பட்டதற்கு நன்றியாகவே அக்கோயில் எழுந்தது என்று பக்தர் கூறுவர். டச்சுக்காரர் தங்களுக்கென்று 1750-இல் கட்டிய கோயிலும் தூய திரித்துவ ஆலயமாக இதே ஊரில் நிற்கிறது.

இனிப் பொற்றேர். 1806-இல், பரதவரின் ஜாதித்தலைவராக இருந்த தொன் கபிரியேல் தக்குருஸ் கோமஸ், தேவமாதாவுக்குப் பொன் தகடு போர்த்த உயர்ந்த தேர் ஒன்றைச் செய்து சமர்ப்பித்தார். அதனால் ஊரார் அவரைத் தேர்மாறன் என்றே அழைக்கலாயினர். அருகில் திருச்செந்தூரிலும் திருநெல்வேலியிலும் தேரோடும் நாட்டிலே, தங்கள் தாய்க்கும் தேர் வேண்டும் என்று ஒரு சமூகம் எண்ணியதில் வியப்பில்லை. அந்நிய தேசத்துச் சுரூபம், தமிழ்நாட்டுத் தச்சரின் தேர், நூறு நூறு கைகள் பற்றும் வடம் என மூன்றும் அங்கே கூடின. ஜாதித்தலைவரின் கௌரவமும் அத்தேரோடு சேர்ந்தே உருண்டது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்பது பற்றி 19-ஆம் நூற்றாண்டு முழுவதும் தலைவருக்கும் குருமாருக்கும் ஊரின் பல பிரிவினருக்கும் இடையே வழக்குகளும் மனத்தாங்கல்களும் நிகழ்ந்தன. நன்றி சொல்லும் இடத்தில் மனிதர் தம்மையும் கொஞ்சம் காட்டிக்கொள்ள விரும்புவது உலக இயல்பு. அதனால் அவர்கள் சொன்ன நன்றி பொய்யாகிவிடாது.

அத்தேரைப் பற்றி என் மனத்தைக் கவர்ந்தது அதன் பொன்னைக் காட்டிலும் அதன் அருமை. ஆண்டுத் திருவிழாவில் மாதா சப்பரத்தில் பவனி வருவாள். பொற்றேரோ எப்போதாவதுதான் ஓடும். கோயில் மரபு கூறும் கணக்கின்படி, 1806-க்குப் பிறகு 1872 வரையில், அதாவது 66 வருஷங்கள், அது ஓடவில்லை. அந்த இடைக்காலத்தில் முத்துக்கடல் எவ்வாறு இருந்தது என்று பார்த்தால் ஒரு செய்தி புலப்படுகிறது. 1830-இல் நல்ல வருமானம் தந்த சலாபம் அதன் பின் ஏறத்தாழ 30 வருஷங்கள் அடியோடு வறண்டது. அதிகாரிகள் பார்களை மீண்டும் மீண்டும் சோதித்தும் குளிப்புக்குத் தகுந்த சிப்பி கிடைக்கவில்லை. 1860 தொடங்கி மூன்று வருஷங்கள் சலாபம் மறுபடி நடந்தது. தேர் நின்றதற்குக் கடலின் வறட்சியே காரணம் என்று நான் சாதிக்க வரவில்லை. ஆயினும் ஒரு தலைமுறை முழுவதும் முத்தைக் காணாமலே வளர்ந்து, மீன்பாட்டையும் தோணித் தொழிலையும் நம்பி, இலங்கைக்குச் சரக்கோட்டிப் பிழைத்த காலத்தில், அம்மக்கள் கொட்டகையில் நின்ற அத்தேரை எத்தகைய எண்ணத்தோடு பார்த்திருப்பார்கள் என்பதை ஊகிக்க முடிகிறது. வருமானம் உள்ள வருஷத்தில் தேரிழுப்பது எளிது. வருமானம் அற்ற வருஷங்களிலும் நேர்ச்சையை மறவாமல் மெழுகுவத்தி ஏந்தி வந்த ஏழைக் குளிகாரனையே நான் இத்திருவிழாவின் உண்மையான உரிமையாளனாகக் கருதுகிறேன்.

1872-க்குப் பின் 1879, 1895, 1905, 1908, 1926, 1947 என்று இடைவெளி விட்டு விட்டுத் தேர் ஓடியது. சுரூபம் வந்த 400-ஆம் ஆண்டாகிய 1955-இல் அது ஓடியபோது மற்றொரு பொருத்தமும் நேர்ந்தது. நெடுநாள் ஓய்ந்திருந்த சலாபத்தைச் சென்னை அரசாங்கம் மீண்டும் தொடங்கியதும் அதே வருஷம்தான். 1961 வரை அக்குளிப்பு நடந்தது. அதன் பிறகு இக்கடலில் சலாபம் கூவப்படவே இல்லை. ஈராயிரம் வருஷங்களாகக் கொற்கை முத்து என்று உலகம் புகழ்ந்த ஒரு தொழில் கண்ணெதிரே முடிந்துபோனது. ஆனால் 1964-இல் தேர் ஓடிற்று, 1977-இல் ஓடிற்று. கோயில் பசிலிக்காவாக உயர்த்தப்பட்ட 1982-இலும், பின்னர் 2000, 2007 ஆண்டுகளிலும், கோயிலின் 300-ஆம் ஆண்டாகிய 2013-இலும் ஓடிற்று.

திருவிழாவின் ஒழுங்கைச் சிறிது சொல்ல வேண்டும். ஜூலை 26-இல் கொடியேற்றம். ஜனங்கள் நேர்ச்சையாகக் கொண்டுவந்த பாலையும் பழத்தையும் கொடிமரத்தடியில் வைத்துப் பிறகு கூடியிருப்போர்க்குப் பகிர்ந்தளிக்கிறார்கள். கொடி மேலேறும் வேளையில் துறைமுகத்துக் கலங்கள் சங்கொலி எழுப்புகின்றன. தேவாலயத்தின் வழிபாட்டுக்கு நாட்டின் கப்பல் தொழில் செய்யும் இந்த மரியாதை வேறு எங்கும் எளிதில் காணக் கூடியதன்று. அதன் பின்னர் நாள்தோறும் செபமாலை, திருப்பலி, மறையுரை, நற்கருணை ஆசீர். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கருத்துக்காக, பல ஊர்ப் பங்குகளின் பெயரால் நடைபெறுகின்றன. பிள்ளை பிறந்த வீட்டார், புயலில் தப்பியவர், கடல் கடந்து பிழைக்கப் போய் விடுமுறையில் திரும்பியவர் எல்லோரும் தத்தம் நேர்ச்சையோடு வருகிறார்கள். வருவோரில் இந்துக்களும் இஸ்லாமியரும் உண்டு. பனிமய மாதாவை அயலவளாக இவ்வூர் என்றும் எண்ணியதில்லை. ஆகஸ்ட் 5-இல் மாவட்டம் முழுவதற்கும் உள்ளூர் விடுமுறை.

1923-இல் தூத்துக்குடி தனி மறைமாவட்டமாகி, இக்கரையில் தோன்றிய திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை அதன் முதல் மேற்றிராணியாரானார். இலத்தீன் வழிபாட்டு முறையில் நவீன காலத்தின் முதல் இந்திய ஆயர் அவரே. போர்ச்சுக்கீசியரின் ஞானாதிக்கம் பற்றிய நெடுநாள் பிணக்குகள் நிறைந்திருந்த இத்துறைக்கு அது சாமானியமான நிகழ்ச்சியன்று. அந்நிகழ்ச்சியின் நூற்றாண்டைக் கொண்டாடும் முகமாக 2023 ஆகஸ்ட் 5-இல் பொற்றேர் பதினாறாம் முறையாக வீதிக்கு வந்தது. அன்று வடம் பிடித்தவர்களுள் முத்துக்குளித்தவர்களின் பேரர்கள் இருந்தனர்; உப்பளத் தொழிலாளர் இருந்தனர்; விசைப்படகுக்காரரும், துறைமுகத்தில் கூலி வேலை செய்பவரும், கப்பலில் மாலுமிகளாகப் போய் வருபவரும், வளைகுடா நாடுகளிலிருந்து இதற்கென்றே விடுப்பெடுத்து வந்தவரும் இருந்தனர். அவர்களுள் அநேகர் தம் வாழ்நாளில் ஒரு முத்துச்சிப்பியையேனும் திறந்து பார்த்தவர் அல்லர். முன்னோர் தொடங்கிய கடனைத் தம்முடையதாக ஏற்று வடம் பிடித்தார்கள்.