தொட்டறியும் எழுத்தும் அருகமைப் பள்ளியும்: திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்நாட்டில் பார்வைத்திறன் குறையுடைய மாணவரின் கல்வி, 1890இல் பாளையங்கோட்டையில் தொடங்கிய சிறப்புப் பள்ளியிலிருந்து இன்றைய அரசுப் பள்ளி வகுப்பறை வரை வந்த வழியை எழுத்துக் கற்பித்தல் என்னும் ஒரு கோணத்திலிருந்து இக்கட்டுரை நோக்குகிறது. சட்டங்களும் திட்டங்களும் மாணவரை அருகமைப் பள்ளிக்குக் கொண்டுவந்தன; பிரெயில் எழுத்து அவருடன் வந்து சேரவில்லை. இவ்விடைவெளி, பலமொழிக் குடும்பங்கள் வந்து சேரும் திருப்பெரும்புதூர் – ஒரகடம் வட்டாரத்தில் எவ்வாறு பொருள்படுகிறது என்பதும் இங்கு ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பிரெயில், பாரதி பிரெயில், ஒருங்கிணைந்த கல்வி, சிறப்புப் பயிற்றுநர், சொல்வதை எழுதுபவர், பூந்தமல்லி.

முன்னுரை

செங்கற்பட்டை அடுத்த பொன்விளைந்த களத்தூரோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் அந்தகக்கவி வீரராகவ முதலியார் (17ஆம் நூற்றாண்டு) திருக்கழுக்குன்றப் புராணம், திருவாரூர் உலா, சேயூர் முருகன் பிள்ளைத்தமிழ் முதலியவற்றை இயற்றியவர். பிறவியிலேயே பார்வையற்ற அவர், பிறரைத் தம் முதுகில் எழுதச் செய்து எழுத்துக் கற்றார் என்றொரு செவிவழிச் செய்தி வழங்குகிறது. அது நிகழ்ந்ததா என்பதை நிறுவ இயலாது. ஆயினும் அச்செய்தி ஒன்றை உணர்த்துகிறது. கேட்டுக் கற்றார் என்று சொல்லியிருந்தாலே போதும். மரபு அவ்வாறு சொல்லி நிறுத்தவில்லை. எழுத்தை அவர் தம் உடலால் தொட்டறிந்ததாகச் சொல்ல விரும்பியது. பாடம் கேட்பதும் எழுத்தறிவதும் வேறு வேறு என்ற தெளிவு அதில் உண்டு. இத்தெளிவு இன்றைய பள்ளிக் கல்வியில் எந்த அளவு எஞ்சியுள்ளது என்பதே இக்கட்டுரையின் வினா.

களத்தூருக்கு வடக்கே, சிங்கப்பெருமாள் கோயில் சாலையில் சென்றால் ஒரகடம், அதற்கப்பால் திருப்பெரும்புதூர். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் உற்பத்தியைத் தொடங்கியதும், 2010இல் ஒரகடத்தில் ரெனோ – நிசான் ஆலை திறக்கப்பட்டதும், 2024இல் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்க்கான தங்குமிடம் திறக்கப்பட்டதும் இவ்வட்டாரத்தின் அண்மைக்கால வரலாற்றில் வழக்கமாகச் சுட்டப்படும் செய்திகள். இவ்வூர்களின் அரசுப் பள்ளிகள் அவ்வரலாற்றில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

பாளையங்கோட்டையிலிருந்து பொதுப் பிரெயில் வரை

இந்தியாவில் பார்வையற்றோர்க்கான முதல் பள்ளி 1887இல் அமிர்தசரசில் ஆனி ஷார்ப் அம்மையாரால் தொடங்கப்பட்டது. மூன்றாண்டுகளில், 1890இல், பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் தமிழகத்தின் பள்ளியைத் தொடங்கினார். லூயி பிரெயில் தம் ஆறு புள்ளி முறையை வெளியிட்டது 1829இல். அதைத் தமிழ் ஒலிகளுக்குப் பொருத்தும் முயற்சி பாளையங்கோட்டைப் பள்ளியின் தொடக்கக் காலத்திலேயே மேற்கொள்ளப்பட்டது. பள்ளியும் எழுத்தும் அங்கு ஒருங்கே பிறந்தன என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

ஆயினும் இந்தியாவின் ஒவ்வொரு பகுதியிலும் ஒவ்வொரு முறை வழங்கியது. ஒரு பள்ளியில் அச்சான நூலை மற்றொரு பள்ளி மாணவர் படிக்க இயலாத நிலை. நோல்ஸ், கார்த்வெயிட் ஆகியோர் 1902இல் முன்வைத்த கீழைத்தேயப் பிரெயில் இச்சிக்கலைத் தீர்க்க முனைந்தவற்றுள் ஒன்று. கலிப்போலிப் போரில் பார்வையிழந்த நியூசிலாந்துக்காரரான கிளத்தா மெக்கன்சி முதன்மைப் பங்காற்றிய 1944ஆம் ஆண்டு அறிக்கை இந்தியப் பார்வையற்றோர் நிலையை விரிவாகப் பதிவுசெய்தது. 1949இல் இந்திய அரசு யுனெஸ்கோவை அணுக, 1951இல் பெய்ரூட்டில் நடந்த மாநாட்டையொட்டி இந்திய மொழிகளுக்கான பொது முறை உருப்பெற்றது. அதுவே பாரதி பிரெயில். அதே ஆண்டில் டேராடூனில் மத்தியப் பிரெயில் அச்சகமும் நிறுவப்பட்டது.

பொது முறையின் அடிப்படை எளியது. எம்மொழியாயினும் ஒத்த ஒலிக்கு ஒத்த புள்ளிகள். தமிழ்க் ககரமும் இந்திக் ககரமும் வங்கக் ககரமும் அச்சில் மூன்று வடிவங்கள். பிரெயிலில் முதல், மூன்றாம் புள்ளிகளால் ஆன ஒரே கட்டம்.

பிரெயில் தமிழின் இலக்கணம்

இவ்விடத்தில் சற்று விரிவாகப் பேச வேண்டியுள்ளது. பிரெயில் தமிழின் கட்டமைப்பைத் தமிழாய்வாளர் பெரிதும் கவனித்ததில்லை.

அச்சுத் தமிழ் கற்கும் குழந்தை 247 எழுத்துகளின் வடிவங்களை மனத்தில் இருத்துகிறது. பிரெயிலில் உயிர் 12, மெய் 18, ஆய்தம், புள்ளி ஆகிய 32 குறிகள் போதும், வடவெழுத்துகள் வேறு. உயிர்மெய்க்குத் தனி வடிவம் கிடையாது. மெய்க்கட்டத்தை அடுத்து உயிர்க்கட்டம் வரும். அகர உயிர்மெய்க்கு மெய்க்கட்டம் மட்டுமே. ‘கெ’ என்பதை அச்சில் கொம்பிட்டுப் பின் ககரம் எழுதுகிறோம். ‘கொ’ என்பதிலோ குறிகள் ககரத்தின் இருபுறமும் நிற்கின்றன. பிரெயிலில் இரண்டுமே ககரம் முன், உயிர் பின். உயிர்மெய்யுள் மெய்யொலி முன்னும் உயிரொலி பின்னும் நிற்கும் என்று தொல்காப்பியம் கூறும் முறையும் இதுவே. அச்சு வடிவம் கைவிட்ட ஒலிமுறையைப் பிரெயில் கைக்கொண்டுள்ளது எனலாம்.

புள்ளி மட்டும் இடம் மாறுகிறது. அச்சில் மெய்யின் தலைமேல் நிற்கும் புள்ளி, பிரெயிலில் தனிக்கட்டமாகி மெய்க்கு முன்னர் வருகிறது. ‘அம்மா’ என்ற சொல் அகரம், புள்ளி, மகரம், மகரம், ஆகாரம் என ஐந்து கட்டங்களாகும். மெய்யெழுத்து வரப்போகிறது என்று விரல் முன்கூட்டியே அறிந்துகொள்கிறது. 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம் ‘ணை’, ‘லை’, ‘றா’ போன்றவற்றின் வடிவத்தை மாற்றியபோது அச்சகங்களும் பாடநூல்களும் மாற வேண்டியிருந்தது. பிரெயில் தமிழில் ஒரு புள்ளியும் மாறவில்லை; மாற்றுவதற்கு அங்கு ஏதுமில்லை.

எழுதும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. பிரெயில் சிலேட்டில் தாளைப் பொருத்தி, எழுத்தாணியால் வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும். தாளைத் திருப்பினால் மேடிட்ட புள்ளிகளை இடமிருந்து வலமாகப் படிக்கலாம். எனவே ஒவ்வொரு எழுத்தையும் எழுதுவதற்கு ஒரு திசையிலும் படிப்பதற்கு மறு திசையிலும் மாணவர் அறிந்திருக்க வேண்டும். இதைக் கற்க நாள்தோறும் பயிற்சியும், அருகிருந்து திருத்த ஓர் ஆசிரியரும் தேவை. வாரத்தில் ஓரிரு மணி நேரத்தில் கைவரக்கூடியதன்று.

சிறப்புப் பள்ளியிலிருந்து அருகமைப் பள்ளிக்கு

பார்வையற்ற மாணவரைப் பொதுப் பள்ளியில் சேர்க்கும் கருத்து இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. சிகாகோ நகரின் பொதுப் பள்ளிகளில் 1900இலேயே அது தொடங்கிவிட்டது. இந்தியாவில் கோத்தாரிக் குழு (1964–66) அதனைப் பரிந்துரைத்தது. 1974இல் ஒருங்கிணைந்த கல்வித் திட்டம் வந்தது. 1982இல் அத்திட்டம் சமூகநலத் துறையிலிருந்து கல்வித் துறைக்கு மாறியது. கோயம்புத்தூர் இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம் இத்துறையில் ஆசிரியர்களை உருவாக்கிய முன்னோடி நிறுவனங்களுள் ஒன்று. 1995, 2016ஆம் ஆண்டுச் சட்டங்கள், 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆகியன இதற்கு உரிமையின் வலுவை அளித்தன. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 31ஆம் பிரிவு, 6 முதல் 18 வயது வரை அருகமைப் பள்ளியிலோ தாம் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிக் கற்கும் உரிமையைத் தருகிறது. 17ஆம் பிரிவு, பிரெயில் அறிந்த ஆசிரியர்களைப் பயிற்றுவித்துப் பணியமர்த்துவதை அரசின் கடமைகளுள் ஒன்றாக்குகிறது.

இம்மாற்றத்தைக் குறைகூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆறு வயதுக் குழந்தை வீட்டைப் பிரிந்து விடுதியில் வாழ்வதற்கு நேர்ந்த விலை சிறிதன்று. பூந்தமல்லியில் பார்வைத்திறன் குறையுடையோர்க்கான அரசு மேல்நிலைப் பள்ளியும், டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் உள்ளன. அங்கிருந்து திருப்பெரும்புதூர் அதே நெடுஞ்சாலையில் சுமார் 20 கி.மீ. தொலைவு. சுழற்முறைப் பணியிலிருக்கும் பெற்றோர்க்கு அத்தொலைவே பெரிது. ஊர்ப் பள்ளியில் பிற பிள்ளைகளோடு தம் குழந்தை படிப்பதை அவர்கள் விரும்புவது இயல்பு.

சிக்கல் வேறிடத்தில் உள்ளது. சிறப்புப் பள்ளியில் எழுத்து, பள்ளியின் பொது உடைமை. ஆசிரியர் அறிவார், மூத்த மாணவர் அறிவார், நூலகம் அதனால் ஆனது. அருகமைப் பள்ளியில் எழுத்து ஒரு வருகையாளர் கையில் வந்து சேர்கிறது. வட்டார வள மையத்தைச் சார்ந்த சிறப்புப் பயிற்றுநர் பல பள்ளிகளுக்குச் செல்பவர். பார்வை, செவி, அறிவுவளர்ச்சி என ஒவ்வொரு குறைபாட்டுக்கும் தனித்தனிச் சிறப்புக் கல்வியியல் பட்டம் உண்டு. பள்ளிக்கு வருபவர் எதில் பயின்றவரோ அதுவே அப்பள்ளிக்கு வாய்ப்பது. 1992இல் திருத்தப்பட்ட ஒருங்கிணைந்த கல்வித் திட்டம் 8 மாணவர்க்கு ஒரு சிறப்பாசிரியரை விதித்தது. 2021இல் உச்ச நீதிமன்றம் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் தொடக்க நிலையில் 10 மாணவர்க்கு ஒருவர், அதற்கு மேல் 15 மாணவர்க்கு ஒருவர் என்ற அளவைப் பின்பற்றச் சொன்னது. நிரந்தரப் பணியிடங்களை உருவாக்குமாறு 2025 மார்ச்சில் மீண்டும் ஆணையிட்டது. இவ்விகிதங்கள் எல்லாக் குறைபாடுகளையும் ஒன்றாக எண்ணுகின்றன. பிரெயில் அறிந்தவர் எத்தனை பேர் என்பது அவ்வெண்ணில் தெரியாது.

எழுத்தின்றித் தேர்ச்சி

இவ்விடைவெளியை மறைப்பது தேர்வு முறை. பொதுத் தேர்வில் மாற்றுத்திறனாளித் தேர்வர்க்குச் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகள் உண்டு. மூன்றும் தேவையானவை, போராடிப் பெற்றவை. எனினும் இவற்றின் துணையால், ஒரு தமிழ்ச் சொல்லையும் தாமே எழுதாமல் ஒரு மாணவர் பள்ளிக் கல்வியை முடித்துவிட இயலும் என்பதை மறுக்க முடியாது.

இழப்பு எத்தகையது? இன்றைய பேச்சில் ‘ந’, ‘ன’ இரண்டிற்கும் ஒலி வேறுபாடில்லை. ர, ற வேறுபாடு பெரும்பாலோர் நாவில் மறைந்துவிட்டது. ‘இரங்கு’, ‘இறங்கு’ என்பவற்றைப் பிரித்தறிய எழுத்து வேண்டும். கைப்பேசியின் திரைவாசிப்பான் இவற்றைப் பெரிதும் வேறுபடுத்தி ஒலிப்பதில்லை. வல்லொற்று மிகுமிடங்கள் செவிக்கு எட்டினாலும், எழுதிப் பழகாதவரிடம் நிலைப்பதில்லை. இளங்கலை பயின்ற காலத்தில் கட்டுரையாளர் ஒரு நண்பருக்காகத் தமிழ்த் தேர்வு எழுதியதுண்டு. நண்பர் சரளமாக விடை சொன்னார். எங்கு ஒற்றிடுவது, எந்த றகரம் என்பவற்றை மட்டும் கட்டுரையாளரே முடிவுசெய்தார். ஓரிடத்தில் ஐயமெழ, நண்பரிடமே கேட்டபோது, “நீ எப்படி எழுதுவாயோ அப்படியே எழுது” என்றார். அந்த விடைத்தாளில் மதிப்பிடப்பட்டது யாருடைய தமிழ் என்ற ஐயம் இன்றும் தீரவில்லை.

பள்ளிகளின் தரவுத் தொகுப்பும் இதற்கு உதவுவதில்லை. பிரெயில் நூல், பிரெயில் கருவிப்பெட்டி வழங்கப்பட்டதா என்று யூடைஸ் படிவம் கேட்கிறது. வழங்கப்பட்டது என்பதும் மாணவர் பிரெயில் படிக்கிறார் என்பதும் ஒன்றல்ல.

பலமொழி வட்டாரமும் ஒரே எழுத்தும்

திருப்பெரும்புதூர் – ஒரகடம் பகுதிக்கு ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் முதலிய மாநிலங்களிலிருந்து தொழிலாளர் வருகின்றனர். குடும்பத்தோடு வருவோரும் உளர். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தின்படி அவர்தம் பிள்ளைகளும் பள்ளியில் தமிழ் கற்க வேண்டியவர்களே. பார்வையுள்ள ஒடியாக் குழந்தை தமிழுக்கென முற்றிலும் புதிய வரிவடிவத்தை முதலிலிருந்து பயில வேண்டும்.

பார்வையற்ற ஒடியாக் குழந்தையின் நிலை இதற்கு மாறானது. அது தன் ஊரில் பாரதி பிரெயில் கற்றிருந்தால், தமிழின் ககரமும் மகரமும் ஆகாரமும் அதன் விரலுக்கு முன்பே பழக்கமானவை. ளகரம்கூட ஒடியாவில் உண்டு. வல்லின வருக்கங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றை அது தமிழுக்காக ஒதுக்கி வைக்க வேண்டியிருக்கும். புதிதாகக் கற்க வேண்டியவை குற்றெழுத்துகளான எகரமும் ஒகரமும், ழகரம், றகரம், னகரம், ஆய்தம் ஆகியவையே. இந்திவழிக் குழந்தைக்கு ளகரத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். மொழியைக் கற்பது நெடும் பணி; எழுத்தைக் கற்பது இக்குழந்தைக்குச் சில வார வேலை. 1951இல் நாடு தழுவிய அச்சுத் தேவைக்காக வகுக்கப்பட்ட ஒரு முறை, அதை வகுத்தோர் எண்ணியிராத ஒரு தொழிற்பகுதியின் வகுப்பறையில் இத்தகைய பயனைத் தரவல்லது. அந்த ஆறு எழுத்துகளையும் கற்பிக்கப் பிரெயில் தமிழ் அறிந்த ஒருவர் அப்பள்ளிக்குத் தொடர்ந்து வர வேண்டும்.