மரக்கடையும் ஒரு மூட்டும்

காலேஜ் முதல் வருஷம் வொர்க்‌ஷாப்ல 'மார்ட்டிஸ் அண்ட் டெனன்' ஜாயின்ட் செய்யச் சொன்னாங்க. ஒரு கட்டையில செவ்வகத் துளை, இன்னொண்ணுல அதுக்குள்ள போய் உட்கார்ற நாக்கு. நான் செஞ்சது கடகடன்னு ஆடிச்சு. இடைவெளியில மரத்தூளும் ஃபெவிகாலும் கலந்து அடைச்சு மார்க் வாங்கினவன் நான் :-)

போன மாசம் பாலக்கரையில தாத்தா வீட்டை இடிச்சோம். வாசல் நிலையை அறுத்து எடுத்துடலாம்னு இடிக்க வந்தவங்க சொன்னாங்க. கூட வந்த வயசான ஆசாரி மட்டும், "அறுக்காதீங்க தம்பி, அதுல ஆணியே இல்ல" என்றார். மூலையில இருந்த மர ஆப்பைப் பின்பக்கமிருந்து தட்டினார். நிலை நாலு துண்டா கழண்டு வந்தது. நாக்கு நுனி நேத்து இழைச்ச மாதிரி இருந்தது.

"இதுக்கு என்ன பேரு ஆசாரியாரே?"

"ஜாயின்ட்தான் தம்பி."

அந்தப் பதில் கொஞ்சம் உறுத்தியது. தேடிப் படித்தேன். நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில ஒரு அரண்மனைக் கதவு வருகிறது. இரும்பால பிணைச்சு, செவ்வரக்கு பூசின இரட்டைக் கதவு. கைதேர்ந்த கம்மியன் இடைவெளி இல்லாம முடுக்கிச் செஞ்சதுன்னு புலவர் குறிப்பா சொல்கிறார். அந்த மர இணைப்புக்கு அவர் போடும் சொல் 'புணர்ப்பு'.

தொல்காப்பியத்துல சொல்லும் சொல்லும் சேர்வதைச் சொல்லும் இயலுக்குப் பேர் 'புணரியல்'. தென்னாட்டுக் கட்டடக்கலை நூலான மயமதத்துல 17வது அத்தியாயம் முழுக்க மர இணைப்புகள்தான். அங்கே சொல் 'சந்தி'. வடமொழி இலக்கணத்துலயும் சொற்கள் சேர்வது சந்திதான். (ஒரு மூட்டுக்கு 'மேஷயுத்தம்'னு பேர், அதாவது கடாச் சண்டை!) ஆக ரெண்டு மொழியிலும் தச்சருக்கும் இலக்கணக்காரருக்கும் ஒரே சொல்.

ஏன்னு புரிய ரொம்ப தூரம் போக வேண்டாம். பாலக்கரைக்குப் பக்கத்துலயே மரக்கடை இருக்கு. மரம் + கடை. 'ம்' கெட்டு, 'க்' தோன்றி, மரக்கடை. ஆசாரி செய்வதும் அதேதான். நாக்கு வர்ற அளவுக்கு ஒரு பக்கம் செதுக்கித் தள்ளுகிறார், இறுக்க ஒரு ஆப்பைச் சேர்க்கிறார். எதையும் இழக்காம ரெண்டு கட்டை சேராது. நான் வொர்க்‌ஷாப்ல செஞ்ச தப்பு, இழப்பை அளக்காம விட்டது.

நாலு துண்டையும் வாங்க ஒருத்தர் வந்தார். நுனிகளை வெட்டிட்டு பலகையா எடுத்துக்கறேன் என்றார். நல்ல விலைதான். அப்பா என் முகத்தைப் பார்த்தார். நான் வேண்டாம்னுட்டேன். எங்க ஃபிளாட் வாசலுக்கு அந்த நிலை பொருந்தாது. இப்போதைக்கு சாக்பீஸ்ல நம்பர் போட்டு, ஆப்புகளைத் தனியா ஒரு டப்பாவுல போட்டு, பால்கனியில வச்சிருக்கேன். திரும்ப மாட்ட அந்த ஆசாரி இருக்கும்போதே ஒரு வாசல் தேடணும்.

உங்க ஊர் ஆசாரிங்க இந்த மூட்டை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க? பின்னூட்டத்துல எழுதுங்க மக்களே.