லாவெண்டர்: பெசன்ட் நகரில் வளர்ப்பு

துளசிக் குடும்பத்து மணச்செடி. மத்தியதரைக் கடலோர மலைச்சரிவுகளின் வறண்ட, சுண்ணாம்பு மண் இதன் தாயகம். சென்னை பெசன்ட் நகர் மொட்டை மாடிகளில் இது பட்டுப்போனால் வெயிலைக் குறை சொல்வது வழக்கம். ஆனால் வெயிலைத் தாங்கும் செடி இது. இதைக் கொல்வது ஈரம். கடற்கரைப் புழுக்கம் இரவிலும் தணிவதில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டி மண் நாள்கணக்கில் சொதசொதவென்று கிடக்கிறது. வேர் அழுகத் தொடங்கியதும் அடி இலைகள் கறுத்துத் தொங்கும். வாடுகிறதே என்று மேலும் தண்ணீர் ஊற்றினால் செடி பிழைக்காது.

ஜம்முவின் பதர்வாவில் மக்காச்சோளத்தை விட்டு லாவெண்டருக்கு மாறிய உழவர்கள் எண்ணெய் வடித்து விற்கிறார்களே, இங்கே ஏன் கூடாது எனலாம். லாவெண்டரை அவர்களிடம் கொண்டுசேர்த்த சி.எஸ்.ஐ.ஆர். ஆராய்ச்சி நிறுவனத்தின் நறுமணத் திட்டம் அங்கே வேரூன்றியதற்குப் பனி விழும் குளிர்காலம் பெரிய துணை. சென்னையில் தை மாத இரவுகூடப் பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கிறது. மணலும் செங்கல் தூளும் கலந்தால் போதாதா என்றால், அவை வேரைக் காக்கும். இலையைச் சூழ்ந்த ஈரக்காற்றை மாற்றா. எனவே மழை ஓய்ந்த மார்கழியில் நாற்று வைத்து, கோடை வரைக்குமான பருவச் செடியாகக் கொள்வதே நியாயம். பல் விளிம்பு இலையுள்ள டென்டேட்டா இனம் சற்றுக் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். ஆண்டு முழுதும் மணம் வேண்டுவோர் வெட்டிவேரை ஆழமான தொட்டியில் வைக்கலாம். நீர் தேங்கினாலும் அது தாங்கும்.