உரிமையும் விலக்கும்: இந்திய ஆயுதச் சட்ட வரலாற்றில் ‘தடைசெய்யப்பட்ட’ துப்பாக்கி

முன்னுரை

துப்பாக்கி வீட்டுச் சுவரில் இருந்தவாறே இருக்க, அதன் உடைமையாளர் எச்செயலும் புரியாமலேயே சட்டத்தின்முன் குற்றவாளியாக நேர்வதுண்டு. அரசிதழில் வெளியாகும் ஓர் அறிவிக்கை அத்துப்பாக்கியைத் ‘தடைசெய்யப்பட்ட’ வகையில் சேர்த்துவிடுவதே அதற்குப் போதுமானது. எந்தத் துப்பாக்கி எவரிடம் இருக்கலாம் என்பதை அரசு எவ்வளவைகொண்டு வகுத்தது, அவ்வகைப்பாடு மாறியபோது உடைமையாளர் நிலை என்னவாயிற்று என்பவற்றை 1801 தொடங்கி அண்மைக்காலம் வரையிலான சில சான்றுகள்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

1801: பாளையங்களின் ஆயுதக் களைவு

தென்னிந்தியாவில் ஆங்கிலேயர் மேற்கொண்ட ஆயுதக் களைவின் தொடக்கம் தமிழகத்தின் தென்பகுதியில் அமைகிறது. 1799 அக்டோபரில் வீரபாண்டியக் கட்டபொம்மன் கயத்தாற்றிலும், 1801 அக்டோபரில் மருது சகோதரர்கள் திருப்பத்தூரிலும் தூக்கிலிடப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பர் 1ஆம் நாள் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிக்கை, அரசு ஒப்புதல் அளித்தவை நீங்கலாக ஏனைய தாக்குதற் படைக்கலங்கள் அனைத்தின் பயன்பாட்டையும் ஒழிக்கப்போவதாக அறிவித்தது. துப்பாக்கியோடு ஈட்டியும் அதனுள் அடங்கிற்று. பாளையக்காரர் படைத்தலைமை இழந்து வரி செலுத்தும் நிலக்கிழார் ஆயினர்.

இவ்வறிக்கை ஒரு படைக்கலத்துக்கும் மற்றொன்றுக்கும் இடையே வேறுபாடு காணவில்லை. ஆயுதம் வைத்திருந்த மக்களையே அது நோக்கிற்று. படைக்கலத்தை நுணுக்கமாக வகைப்படுத்தும் முறை பின்னரே தோன்றியது.

1878: உரிமமும் நிறவேறுபாடும்

1857 எழுச்சிக்குப் பின் 1860ஆம் ஆண்டின் 31ஆம் சட்டம் ஆயுதக் களைவை நாடு தழுவியதாக்கியது. லிட்டன் ஆட்சிக்காலத்தில் இயற்றப்பெற்ற 1878ஆம் ஆண்டு இந்திய ஆயுதச் சட்டம் உரிமம் பெறும் முறையை நிலைபெறச் செய்தது. இந்தியருக்கு உரிமம் வேண்டப்பட்டது. ஐரோப்பியருக்கு விலக்கு அளிக்கப்பட்டது. பத்ருதீன் தயாப்ஜி தலைமையில் 1887இல் சென்னையில் கூடிய காங்கிரசின் மூன்றாம் மாநாடு, இச்சட்டத்தின் விதிகளைத் திருத்துமாறு தீர்மானம் நிறைவேற்றியது. 1930இல் காந்தியடிகள் வைசிராய்முன் வைத்த பதினொரு கோரிக்கைகளுள், மக்கள் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டுத் தற்காப்புக்கான துப்பாக்கி உரிமம் வழங்கவேண்டும் என்பதும் ஒன்று. அகிம்சையை வாழ்நெறியாகக் கொண்டவர் இதனைக் கோரியது நோக்கத்தக்கது. ஆயுதம் ஏந்துவதை அவர் போற்றவில்லை. குடிமக்களை நம்பாத ஆட்சியையே அவர் மறுத்தார்.

குழல்விட்டம் என்னும் அளவுகோல்

தடைக்கான அளவுகோல் ஆளிலிருந்து பொருளுக்கும் விரிந்ததை 1907ஆம் ஆண்டு நிகழ்ச்சி காட்டுகிறது. 0.450 அங்குலக் குழல்விட்டமுடைய துப்பாக்கி அக்காலத்தில் யானை, காட்டெருமை வேட்டைக்குப் பெயர்பெற்றிருந்தது. ஆங்கிலப் படையினர் முன்பு பயன்படுத்திய மார்ட்டினி ஹென்றி துப்பாக்கியும் அதே விட்டமுடையது. அது கிளர்ச்சியாளர் பலரிடம் புழங்கிற்று. வேட்டைத் தோட்டாவின் உறுப்புகள் அவர்களுக்குப் பயன்பட்டுவிடும் என்னும் அச்சத்தால் அவ்விட்டத் துப்பாக்கியும் தோட்டாவும் இந்தியாவுக்குள் வருவது தடுக்கப்பட்டது. ஆங்கிலத் துப்பாக்கித் தொழிலகங்கள் 0.465, 0.470 போன்ற புதிய விட்டங்களை ஆக்கி அவ்விடத்தை நிரப்பின. புதியவை ஆற்றலில் பழையதற்குக் குறைந்தவை அல்ல. எனவே, தடைக்குக் காரணம் துப்பாக்கியின் ஆற்றல் அன்று; அதன் தோட்டா எவர் கைக்குச் செல்லக்கூடும் என்பதேயாகும்.

விடுதலைக்குப் பின்னும் இவ்வளவுகோல் மறையவில்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், விசையை அழுத்தியிருக்கும் வரை தொடர்ந்து சுடும் படைக்கலம் முதலியவற்றைத் தடைசெய்யப்பட்டவை என வரையறுத்ததோடு, வேறு எதனையும் அறிவிக்கையின்வழி அவ்வகையில் சேர்க்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளித்தது. 1962ஆம் ஆண்டு விதிகள், படையினரின் 0.303 அங்குலம் அல்லது 7.62 மில்லிமீட்டர் தோட்டாவை ஏற்கும் துப்பாக்கியைக் கட்டுப்பாடு மிகுந்த வகையில் வைத்தன. இதன் விளைவாகப் பொதுமக்களுக்கெனப் பெருவழக்குப் பெற்றது, இச்சாப்பூர்த் தொழிற்சாலையில் செய்யப்பெற்ற 0.315 அங்குலத் துப்பாக்கி ஆகும். இதன் இயங்கமைப்பு 0.303 துப்பாக்கிக்குரிய லீ என்ஃபீல்டு அமைப்பே. இரண்டன் விட்டத்துக்கும் இடைப்பட்ட வேறுபாடு அங்குலத்தில் ஆயிரத்தில் பன்னிரண்டு பங்கு. அவ்வேறுபாடே மாவட்ட அளவில் பெறத்தக்க உரிமத்தையும் மத்திய அரசின் தனி ஒப்புதலையும் பிரிக்கும் கோடாயிற்று.

குடகு: விலக்கின் வரலாறு

இவ்வரலாற்றில் தனித்து நிற்பது குடகு. 1834இல் ஆங்கிலேயர் குடகைக் கைப்பற்றினர். 1837இல் எழுந்த கிளர்ச்சியை அடக்கக் கொடவர் துணைநின்றமையால் அவர்களுக்குப் பதக்கங்கள் வழங்கப்பெற்றன. 1861இல் ஆணையர் மார்க் கப்பன், கொடவரின் பற்றுறுதியையும் வீரத்தையும் பாராட்டி, ஆயுதக் களைவுச் சட்டத்திலிருந்து அவர்களுக்கு விலக்களித்தார். அறுபது ஆண்டுகளுக்கு முன் பாளையக்காரரிடம் எப்பண்பு அச்சத்துக்குரியதாக இருந்ததோ, அப்பண்பே இங்குப் பரிசுக்குரியதாயிற்று. வீரம் ஒன்றே, அது எப்பக்கம் நின்றது என்பதே வேறுபாடு.

கொடவ வாழ்வில் துப்பாக்கி சடங்குப் பொருளாகவும் விளங்குகிறது. ஆண்குழந்தை பிறந்ததையும் இறப்பையும் வெடியொலி ஊருக்கு அறிவிக்கும். புத்தரி நாளில் புதுக்கதிர் அறுக்கும்போதும் வெடி முழங்கும். நாற்று நடவு முடிந்தபின் செப்டம்பர்த் தொடக்கத்தில் வரும் கைல்போள்து விழாவில் படைக்கலங்களைத் துடைத்து, வரிசையாக வைத்து, மலர் சூட்டி வழிபடுவர். கொடவ மொழியில் துப்பாக்கியின் பெயர் ‘தோக்’. மலையாளத் ‘தோக்கு’, ஈழத்தமிழ்த் ‘துவக்கு’ ஆகியவற்றோடு இச்சொல் ஒப்பிடத்தக்கது. துப்பாக்கிக்குச் சூட்டப்பெறும் மலரும் ‘தோக் பூ’ எனவே வழங்குகிறது. அது வேறொன்றன்று, தமிழ் இலக்கியத்தில் குறிஞ்சி நிலத்துக்குரியதாகவும் முருகனுக்கு உகந்ததாகவும் பயிலும் காந்தளே. தொல்காப்பியப் புறத்திணையியலில் வேலன் வெறியாட்டைக் குறிக்கும் துறைக்கும் இம்மலரின் பெயரே அமைந்துள்ளது. வேலோடு நின்ற மலர் மேற்குமலைச் சரிவில் துப்பாக்கியோடு நிற்கும் இத்தொடர்பு தனி ஆய்வுக்குரியது.

விடுதலைக்குப் பின், 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் 41ஆம் பிரிவின்கீழ் 1963இல் வெளியான அறிவிக்கை, கொடவர்க்கும் ஜம்மா நிலவுரிமை உடையோர்க்கும் அவ்விலக்கைத் தொடர்ந்தது. பிறப்பையும் பரம்பரை நிலவுரிமையையும் கொண்டு விலக்களிப்பது அரசமைப்புச் சட்டம் கூறும் சமத்துவத்துக்கு மாறானது என வழக்குத் தொடரப்பட்டது. 2021 செப்டம்பரில் கர்நாடக உயர்நீதிமன்றம் விலக்கு செல்லும் எனத் தீர்ப்பளித்தது. எனினும், 2019இல் நீட்டிக்கப்பெற்ற அவ்விலக்கிற்கு 2029 அக்டோபர் 31 என்னும் எல்லை குறிக்கப்பட்டுள்ளது. அறிவிக்கையால் வந்ததை அறிவிக்கையே நீக்கவும் கூடும். வழக்கு எழுந்த காலத்தில் குடகில் தோன்றிய கவலைக்கு அடிப்படை இதுவே.

2019: திருத்தமும் உடைமையாளரும்

2019 டிசம்பரில் நாடாளுமன்றம் ஆயுதச் சட்டத்தைத் திருத்தியது. ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைக்க முதலில் கருதப்பட்டது. எதிர்ப்புக்குப் பின் அது இரண்டாயிற்று. மிகுதியானதை ஓராண்டுக்குள் ஒப்படைக்க வேண்டுமென வகைசெய்யப்பட்டது. முன்னோர் விட்டுச்சென்ற துப்பாக்கியோடு சேர்த்து மூன்று உடையோர், எதனைக் கைவிடுவது என முடிவுசெய்ய வேண்டியவராயினர்.

இத்திருத்தம் உரிமமின்றித் தடைசெய்யப்பட்ட படைக்கலம் வைத்திருப்பதற்குரிய தண்டனையை 7 முதல் 14 ஆண்டுகள் எனவும், தடைசெய்யப்படாததற்கு 2 முதல் 5 ஆண்டுகள் எனவும் உயர்த்தியது. ஆகவே, ஒரு துப்பாக்கி எவ்வகையைச் சார்ந்தது என்னும் வினா வெறும் சொல்லாராய்ச்சி அன்று. ஒருவர் எத்தனை ஆண்டு சிறையிலிருப்பார் என்பதை அது முடிவுசெய்கிறது. துப்பாக்கியால் மாண்டோரின் குடும்பத்தார் பக்கமிருந்து நோக்கின், கட்டுப்பாட்டின் தேவை மறுக்க இயலாதது. அதனை ஏற்கும்போதும், அளவுகோல் உயிர்க்காப்பை நோக்கியதா, ஆட்சிக்காப்பை நோக்கியதா என வினவ இடமுண்டு.

முடிவுரை

1801இல் தடைக்கு அளவாக நின்றது குடிகளின் எதிர்ப்பு, 1878இல் பிறப்பு, 1907இல் தோட்டாவின் விட்டம், குடகில் விலக்குக்கு அளவாக நின்றது பற்றுறுதி. இந்நான்கும் அரசின் அச்சத்தையும் நம்பிக்கையையும் அளந்தவையே. குடியாட்சி அமைந்த பின்னும் அவற்றுள் இரண்டு, குழல்விட்டமும் பரம்பரை விலக்கும், காரணம் மீளாய்வு செய்யப்படாமலேயே கைம்மாறி வந்துள்ளன. தடைக்கும் விலக்குக்கும் உரிய காரணத்தைச் சட்டமே வெளிப்படக் கூறி, நாடாளுமன்றத்தில் அது வாதிடப்படும் நிலை அமையுமாயின், துப்பாக்கி இழப்போரும் இழப்பின் பொருளை அறிவர். அதுவரை காந்தள் சூட்டிய துப்பாக்கியும் அரசிதழின் அடுத்த அறிவிக்கைக்குக் காத்திருப்பதாகவே அமையும்.